தோளுக்கு அளவெடுத்தது

என் மகள் டெஸ்ஸாவுக்குக் கல்யாணப் பரிசாகத் தன் கையாலேயே செய்த துப்பாக்கியை மாப்பிள்ளை கோல்பி மேசைமேல் வைத்தான்.

"எப்படி மாமா? ஆயிரம் கஜத்துலயும் குறி தப்பாது!"

"எல்லாம் புதுசா?"

"குழல் புதுசு. கட்டை அவ தோளுக்கு அளவெடுத்துச் செஞ்சது. தோட்டாவைத் தள்ளி அடைக்கிற போல்ட்டும் அது ஓடுற கூடும் மட்டும் பழைய துப்பாக்கியில கழட்டினது. ஐடஹோ சந்தையில எந்த முட்டாளோ அடிமாட்டு விலைக்குத் தள்ளியிருக்கான்."

கூட்டில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தேன். அந்த முட்டாள் நான்தான்.

"மாப்பிள்ளை, இது வேண்டாம். வேற ஏதாவது குடு."

"மொன்டானாக்காரிக்கு வேற என்ன குடுக்கறது, டோஸ்டரா?"

அதற்குள் டெஸ்ஸா வந்துவிட்டாள். சிரித்துக்கொண்டே துப்பாக்கியை எடுத்துப் போல்ட்டைத் தள்ளினாள்.

"பொறு, பாதியில சிக்கும். சொல்லித் தர்றேன்" என்றான் கோல்பி.

அவள் கட்டைவிரல் அதற்குள் போல்ட்டை அடியிலிருந்து லேசாக நெம்பிவிட்டது. அது வழுக்கிப்போய் மூடிக்கொண்டது.

"அடிப்பாவி, உனக்கு எப்படித் தெரியும்?"

டெஸ்ஸாவின் சிரிப்பு நின்றது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

வேட்டைக்காட்டில் அந்தப் பழைய துப்பாக்கி கைதவறி வெடித்து என் மகன் வேட் செத்த அன்றும், இந்தப் போல்ட்டை அவன் அக்கா டெஸ்ஸாதான் மூடியிருந்தாள்.