தலைகீழ் பேரம்

“ஆயிரத்து ஐந்நூறா? ஒரு ஆளைப் போட்டோ எடுக்க வெறும் ஆயிரத்து ஐந்நூறுதான் வாங்குறீங்களா?”

அப்துல் கஃபார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விட்டார். படப்பையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு சற்று முன்புதான் வந்து உட்கார்ந்தவர்.

உஸ்மான் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு மாடி அறையைப் பிடித்து, ஸ்டூடியோ என்று போர்டு மாட்டியதிலிருந்து உள்ளே வந்த முதல் வாடிக்கையாளர் இவர். இதுவரை படியேறி வந்தவர்கள் எல்லோரும் பக்கத்து அறைப் பல் டாக்டரைத் தேடி வந்தவர்கள். இந்த மாதத்துக்குள் ஒருத்தராவது காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளாவிட்டால், கோவிலம்பாக்கத்தில் அண்ணனுடைய டயர் கடைக்குப் போய்விட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். இவரைக் கோட்டை விட்டால் பஞ்சர் ஒட்டப் போக வேண்டியதுதான்.

“அதிகமா இருந்தா கொறைச்சுக்கலாம் பாய். ஆயிரத்து இருநூறு?”

“தம்பி, கொறைக்கவா சொன்னேன்? கம்மியா இருக்குன்னு சொல்றேன்!”

உஸ்மானுக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ரேட்டைக் கேட்டு முகம் சுளிக்கும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தான். அவன் பழகி வைத்திருந்த பதில் எல்லாமே கீழே இறங்கும் பதில்கள்.

“சரி, உங்களுக்காக ஆயிரம். பத்து படம் எடிட் பண்ணித் தரேன் பாய். ஒரு ஃபிரேம் ஃப்ரீ.”

“யா அல்லாஹ்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார் கஃபார்.

லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நண்பன் அக்தர், உஸ்மானின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான்.

“மச்சான், அவரு ஏத்தச் சொல்றாருடா. நீ இன்னாத்துக்கு எறக்கிக்கினே போற?”

“ஏத்தினா போயிடுவாருடா.”

“எறக்கினாதான் போயிடுவாரு போலகீது.”

கஃபார் அறையைச் சுற்றிப் பார்த்தார். திரைச்சீலையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அந்தக் கேமரா என்ன விலை?”

“லட்சத்துக்கு மேல பாய்.”

“கடனா?”

“சேர்த்து வெச்சு வாங்கினது. லென்ஸுக்கு மட்டும்தான் தவணை.”

“ராத்திரி எத்தனை மணி வரைக்கும் வேலை?”

“எட்டு மணிக்குப் பூட்டிடுவேன் பாய்.”

“பூட்டிட்டு?”

“வீட்டுக்குப் போயிடுவேன்.”

“நேராவா?”

“நேராத்தான்.”

கஃபாரின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அக்தர் மறுபடியும் சட்டையை இழுத்தான். “இன்கம் டாக்ஸ் ஆளா இருக்கப் போறாருடா!”

“டாக்ஸ் கட்டுற அளவுக்கு நான் என்னடா சம்பாதிச்சேன்?” என்று முணுமுணுத்தான் உஸ்மான். அதை நினைத்தபோது அவனுக்கே அழுகை வரும்போல் இருந்தது.

“இங்க பாருங்க தம்பி,” என்றார் கஃபார். “தாம்பரத்துல ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் போட வர்றவரே ஆயிரம் கேட்கிறார். நீங்க மனுஷனையே அழகாக்கிக் காட்டுறீங்க. ஐயாயிரம் வைங்க.”

“நாலாயிரம் வெச்சுக்கலாமா பாய்?”

“ஆறாயிரம்!”

“ஐயாயிரம்னுதானே சொன்னீங்க?”

“நீங்க கொறைச்சா நான் ஏத்துவேன்.”

“அப்ப நாலாயிரத்து ஐந்நூறாவது…”

“எட்டாயிரம்! இதுதான் கடைசி. இருபத்தஞ்சு வருஷமா கடை நடத்துறேன். வெலையை ஏத்தச் சொல்லி இப்படி ஒருத்தர்கிட்டயும் கெஞ்சினதில்லை. ஒத்துக்கலேன்னா நான் கிளம்புறேன்.”

சொன்னபடியே கிளம்பிவிட்டார். வாசல்வரை போய்ச் செருப்பில் ஒரு காலையும் நுழைத்துவிட்டார். உஸ்மானின் கண்முன்னால் லாரி டயர் ஒன்று உருண்டு வந்தது.

“எட்டாயிரம் பாய்! எட்டாயிரமே!” என்று கத்தினான். பல் டாக்டருக்காகக் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்த இருவர் எட்டிப் பார்த்தார்கள்.

கஃபார் திரும்பினார். “ஒரு ஆளுக்கா?”

“ஒரு ஆளுக்குத்தான்.”

“யார் கேட்டாலும்?”

“யார் கேட்டாலும் எட்டாயிரம்.”

“ஒரு ரூபா கொறைக்க மாட்டீங்களே?”

“மாட்டேன் பாய்,” என்றான் உஸ்மான்.

கஃபார் ஓடி வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அக்தர் பரபரவென்று ஸ்டூலைத் துடைத்துத் திரைக்கு முன்னால் போட்டான். உஸ்மான் கேமராவைக் கையில் எடுத்தான். முதல் வருமானம், அதுவும் எட்டாயிரம்! அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் வசனம் ஓட ஆரம்பித்துவிட்டது.

“உக்காருங்க பாய். தாடையை லேசாத் தூக்கினீங்கன்னா போதும்.”

“யாரு, நானா?” கஃபார் இரண்டடி பின்வாங்கினார். “எட்டாயிரம் குடுத்து என் மூஞ்சியைப் படம் எடுத்துக்க எனக்கென்ன பைத்தியமா?”

உஸ்மான் கேமராவைக் கீழே இறக்கினான். கஃபார் அதற்குள் செல்போனைக் காதில் வைத்திருந்தார்.

“பரிதா, பையனோட அம்மா சொன்ன அட்ரஸுக்கே வந்து விசாரிச்சாச்சு. நான் பொய் சொல்றவன் இல்லைன்னு உனக்கே தெரியும், அவர் வாயாலயே சொன்னாரு. ஒரு ஆளைப் போட்டோ எடுக்க எட்டாயிரமாம்! சம்பாத்தியம் பத்தாதுன்னு இழுத்துக்கிட்டிருந்த உன் அண்ணன்கிட்ட சொல்லிடு, நம்ம பொண்ணு அனமுக்கு இவர்தான் மாப்பிள்ளை!”