கிளினிக் முகம்

“குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?” என்று டொக்டர் கேட்டார்.

“ஓம் டொக்டர்,” என்றாள் ஞானமணி.

அவளுடைய விரல்கள் இஞ்சிக் கிழங்குபோல் வீங்கியிருந்தன.

“முகம் ஊதல்ல, அது நல்லம். ஆனா வாதம் மாசத்துக்கு மாசம் கூடுதே.” அவர் மருந்துத் துண்டில் எதையோ மாற்றி எழுதினார்.

பனிச்சங்கேணிக்குத் திரும்பும் வழியில், சோதனைச் சாவடியில் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஞானமணியின் அடையாள அட்டையில் இருந்தது, சுனாமி முகாமில் கன்னம் ஒட்டிப்போய் எடுத்த படம். ஆமிக்காரன் படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், போகச் சொன்னான்.

பஸ்ஸில் ஏறியதும், துணைக்கு வந்து கிளினிக் வாசலில் காத்திருந்த மச்சாள் றஞ்சிதா மெல்லக் கேட்டாள். “இண்டைக்கும் டொக்டரிட்ட உண்மையச் சொல்லல்லையா?”

“என்னெண்டு சொல்லுற? குளிசை போட்டா முகம் ஊதுது. முந்தி ஊதின முகத்தோட வந்தப்போ, ‘படத்தில இருக்கிறது நீயில்ல’ எண்டு பொழுதுபடுமட்டும் இருத்தி வெச்சானுகள். அதாலதான் கிளினிக்குக்கு ரெண்டு கிழமை இருக்கக்குள்ளயே குளிசைய நிப்பாட்டுறன்.”

“இப்ப டொக்டர் என்ன சொன்னவர்?”

ஞானமணி குளிசைப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“கூட்டித் தந்திருக்கார். இனி ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வரட்டாம்.”