மச்சினன் சொன்ன ஜோக்

கணவர் சிரித்ததுதான் தாமதம், அவள் கைப்பேசியைத் தேட ஆரம்பித்தாள்.

மேசைக்கு எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அவளுடைய தம்பிக்கோ தலைகால் புரியவில்லை. தன் ஜோக்குக்கு ஒருவர் சிரித்து அவனே பார்த்ததில்லை.

தம்பி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பயந்து நடுங்குகிறவர்களைத் தேற்ற அவனிடம் ஒரே ஒரு ஜோக் உண்டு. அதை இங்கே எழுதி உங்களை வதைக்க மனம் வரவில்லை. கேட்ட அதிர்ச்சியில் பிரேக் எங்கே இருக்கிறது என்பதை மறந்தவர்கள் உண்டு.

அந்த ஜோக்கைத்தான் அவள் வீட்டில் தெர்மாமீட்டராக வைத்திருந்தாள்.

போன முறை கணவர் மனச்சோர்வில் படுத்தபோது, இளவயதில் ஒருமுறை அவருக்குத் தலைகீழாக உற்சாகம் பொங்கி வழிந்த கதையைக் குடும்பமே கூடிப் பேசி டாக்டரிடம் மறைத்துவிட்டது. வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமாம். விஷயம் தெரியாத டாக்டர் சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாக எழுதிக் கொடுத்தார்.

அது பழைய உற்சாகத்தை மறுபடி கிளப்பிவிட, மூன்றே வாரத்தில் மனிதர் தூக்கத்தைத் தொலைத்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அவர். கண் நன்றாகத் தெரிகிறவர்களையும் விடாமல் பிடித்துக் கண்ணாடி மாட்டி அனுப்பினார். தெருவில் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி.

இந்த முறை புது டாக்டரம்மாவிடம் அவள் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். மனம் மேலும் கீழும் தாவாமல் நிறுத்திவைக்கும் வெள்ளை மாத்திரையை அவர் முதலில் கொடுத்தார். ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்த பிறகுதான் சோர்வுக்கான ரோஸ் மாத்திரையைக் குறைந்த அளவில் சேர்த்தார். வெள்ளையை ஒருநாளும் விடக்கூடாது. தூக்கம் குறைந்தாலோ, பேச்சு வேகமெடுத்தாலோ, காரணமில்லாமல் சந்தோஷம் தலைக்கேறினாலோ, எந்தக் கிழமையானாலும் உடனே போன் செய்ய வேண்டும்.

காரணமில்லாத சந்தோஷத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அவள் ஞாயிறுதோறும் தம்பியை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். அந்த ஜோக்குக்கு ஒருவருக்குச் சிரிப்பு வந்தால், அதற்குக் காரணம் இருக்க வாய்ப்பே இல்லை. அக்காவுக்குத் திடீரென்று ஏன் இத்தனை பாசம் என்று தம்பியும் யோசிக்கவில்லை, வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஆறு ஞாயிறும் கணவர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. எட்டு மாதமாக அந்த மனிதர் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவர் சிரிக்க மாட்டாரா என்று ஏங்கியவளும் அவள்தான், சிரித்துத் தொலைத்துவிடுவாரோ என்று பயந்தவளும் அவள்தான்.

இன்று ஏழாவது ஞாயிறு. தோள் குலுங்கச் சிரித்துவிட்டார்.

கைப்பேசி செய்தித்தாளுக்கு அடியில் கிடந்தது. நேற்று ஏழு மணி நேரம் தூங்கினார். பேச்சிலும் வேகமில்லை. ஆனாலும் அவள் காத்திருக்கவில்லை. டாக்டரம்மாவின் எண்ணை அழுத்தினாள்.

தம்பி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கை கழுவ எழுந்து போனான். கணவர் அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“உன் தம்பி மூஞ்சியப் பாத்தியா? ஏழு வாரமா அதையே சொல்றான். இன்னிக்குதான் நிமிந்து பாத்தேன், நம்ம ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்குறான், பாவம். யாராவது ஒருத்தராவது சிரிக்க வேணாமா?”

அவள் பார்க்கவில்லை. ஏழு வாரமும் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், கூடப்பிறந்தவன் முகம் வாடியதை ஒருமுறைகூடக் கவனிக்கவில்லை.

அதற்குள் மறுமுனையில் டாக்டரம்மா எடுத்துவிட்டார். என்ன ஆயிற்று என்று பதறிக் கேட்டார்.

“டாக்டர், அவர் பொய்யாச் சிரிச்சார்” என்றாள். அழுகை வந்துவிட்டது.