இரண்டு பேரின் ஈரம்

செல்வின் வீட்டு ஜன்னல்கள் பதினோரு வருடமாகத் திறக்கப்படவில்லை. மழை நின்றுபோன விருதுநகரில் எல்லா வீடுகளும் அப்படித்தான். மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும் ஈரத்தைக் கூரையின் குளிர்ந்த தகடுகள் சொட்டுச் சொட்டாகப் பிடித்துத் தொட்டிக்கு அனுப்பும். அவனும் மனைவி ஜெசிந்தாவும் சேர்ந்து நாளுக்கு ஒன்றரை லிட்டர் கொடுப்பார்கள்.

அந்த வாரம் தொட்டியின் மீட்டர் நாளுக்கு இரண்டு லிட்டரைத் தாண்டியது.

செல்வின் முதலில் மீட்டரைச் சந்தேகப்பட்டான், பிறகு மனைவியை. தான் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்ற நினைப்பில் அவனுக்கு வேலை ஓடவில்லை. வியாழக்கிழமை மதியமே திரும்பிவிட்டான்.

"யாரு வந்துட்டுப் போறா?"

"யாரும் வரலைங்க," என்றாள் ஜெசிந்தா.

சாமான் அறையின் இரும்புக் கதவில் நீர் முத்து முத்தாகப் படிந்திருந்தது. செல்வின் அதை இழுத்துத் திறந்தான்.

உள்ளே ஜெசிந்தாவின் தங்கை மெல்பா வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"சிறுநீரகம் போயிருச்சுங்க. ரத்தம் சுத்தம் பண்ண நெறையத் தண்ணி வேணுமாம். இவளுக்குத் தர மாட்டோம், ஊரை விட்டுப் போன்னு தண்ணி ஆபீசுல சொல்லிட்டாங்க," என்று ஜெசிந்தா அழுதாள்.

செல்வினுக்கு மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"மீட்டர் ஏறுறதை ஆபீசுலயும் பாத்துட்டுத்தான் இருப்பாங்க. இவ ஈரம் வெளிய போயிரணும்," என்றான். கத்தியை எடுத்து ஜன்னல் விளிம்பின் ரப்பரை அறுத்தான். வறண்ட காற்று உள்ளே பாய்ந்தது.

"நம்ம தண்ணியும் சேந்து போயிருமே!" என்றாள் ஜெசிந்தா.

"போகட்டும். மெல்பா, இங்க வந்து உக்காரும்மா. பயப்படாம மூச்சு விடு."