நாற்பது பக்க ஆதாரம்

தாளின் நுனி மட்டும்தான் கைக்கு அகப்பட்டது. வித்தியா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பிரிண்டர் பாதியைத் தந்தது. மீதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது.

"அக்கா, கையை எடுங்கோ. மிசினும் போயிடும், பஸ்ஸும் போயிடும்" என்றான் அருட்செல்வன். நல்லூரில் ரியூசன் கொட்டில்களுக்கு நடுவே போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவன்.

மணி ஆறு பத்து. கொழும்பு பஸ் ஏழரைக்கு. நாளைக் காலை தங்கை ஆரபிக்குக் கனடா விசா நேர்முகம்.

கலியாணம் உண்மையானதுதான் என்று காட்ட, புருஷனும் பெண்சாதியும் போன் மெசேஜில் கதைத்துக்கொண்டதற்கு ஆதாரம் வேண்டுமாம். குறைந்தது நாற்பது பக்கம் என்றிருந்தார் விசா அலுவல் பார்த்துக் கொடுக்கிறவர். இருபத்திரண்டில் மிசின் படுத்துவிட்டது.

விடிய நாலரைக்கு எழும்பியவள். கூட்டுறவுச் சங்கக்கடையில் நாள் முழுக்க நின்ற கால்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது. இருந்தால் எழும்ப மாட்டாள் என்று தெரியும், நின்றாள்.

அருட்செல்வன் மிசினின் மூடியைக் கழற்றியபடியே, அடித்து முடித்த தாள்களை மேய்ந்தான்.

"என்னக்கா இது? ரெண்டு வரியமாக் கதைச்சிருக்கினம், ஒரு இடத்திலையாவது 'அன்பே' எண்டு கிடக்கோ? படம், பருப்புக்கறி, மழை, திரும்பவும் படம்! உதைப் பாக்கிற வெள்ளைக்காரன், ஆரோ ரெண்டு சிநேகிதப் பெடியள் எண்டெல்லோ நினைப்பான்."

"நீர் முதல்ல தாளை எடும் தம்பி."

அவன் சொன்னதில் பிழையில்லை. மேலே கிடந்த பக்கத்தில், 'வில்லனுக்குப் பன்னிரண்டு அடியாள். ஒருத்தனுக்கும் சுடத் தெரியாது' என்று கனடாவிலிருந்து வந்திருந்தது. 'சம்பளம் ஒழுங்காக் குடுத்தால் சுடுவாங்கள்' என்று நல்லூரிலிருந்து பதில் போயிருந்தது.

பதில் எழுதியது ஆரபி அல்ல.

பதிவுத் திருமணம் முடிந்து பார்த்தீபன் விமானம் ஏறிய வாரமே, "எனக்கு உந்தக் கதையள் வராது அக்கா, நீங்களே எதையாவது எழுதிவிடுங்கோ" என்று ஆரபி கைவிரித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் போனில் பேசுவாள், அதோடு சரி. எழுத்துக்கென்றே புது நம்பர் எடுத்து, அந்த சிம்மை வித்தியாவின் போனில் போட்டார்கள்.

ஒரு கிழமைக்குத்தான் என்று தொடங்கியது. பிறகு, வேலை விட்டு வந்து கால் கழுவுவதற்கு முன்னமே போனைப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவனுக்குக் காலை, இவளுக்குப் பின்னேரம். இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் ஒரே படத்தை ஓடவிட்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து திட்டுவார்கள். நாளில் அவள் சிரிப்பது அந்த நேரத்தில்தான்.

தங்கையின் புருஷன். அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டுதான் ஒவ்வொரு எழுத்தையும் தட்டினாள். அவனும் ஒரு நாள்கூட எல்லை தாண்டி எழுதியதில்லை. அதில் அவளுக்கு நிம்மதி. ஆரபியை நினைக்கும்போது மட்டும் சின்னக் கவலை.

இன்றோடு சரி. சிம்மைக் கழற்றி ஆரபியிடம் கொடுக்க வேண்டும். நேர்முகம் சரிவந்தால் தங்கை போய்விடுவாள். சரிவராவிட்டால் வீடே படுத்துவிடும். எது நடந்தாலும், நாளைப் பின்னேரம் வித்தியாவோடு படம் பார்க்க ஆளில்லை.

மிசின் செருமிக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்கியபோது ஸ்கூட்டி வந்து நின்றது. ஆரபி பயணப் பையோடு இறங்கினாள்.

"இந்த நாற்பது பக்கத்தையும் நான் பஸ்ஸிலை பாடமாக்கோணுமோ அக்கா? உவ்வளவு படத்தையும் ஆர் பாத்தது!"

"பகிடி விடாதை. ரெண்டு பேரிட்டையும் ஒரே கேள்வியைக் கேப்பாங்களாம். ஒண்டு பிசகினாலும் எல்லாம் போச்சு. அவருக்கு வீடியோ கோல் எடு, ஒருக்காக் கேட்டுப் பாப்பம்."

கிழிந்த தாளின் பின்பக்கத்தில் நாலைந்து கேள்விகளைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டு, போனின் கமராவுக்குள் விழாமல் ஒதுங்கி நின்றாள் வித்தியா.

பார்த்தீபன் திரையில் வந்தான். தலையை ஒட்ட வாரியிருந்தான். சோதனை மண்டபத்துக்குள் நுழைகிற முகம்.

"எனக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று ஆரபி வாசித்தாள்.

"புட்டு. புட்டும் மீன்குழம்பும்."

சரி.

"போன கார்த்திகையிலை புயலடிச்ச அண்டு நாங்கள் என்ன படம் பாத்தம்?"

பார்த்தீபன் விழித்தான். "அது... அந்தப் பொலிஸ் படமெல்லோ?"

ஆரபி தாளைப் பார்த்தாள். கேள்விதான் இருந்தது, பதிலை எழுத வித்தியா மறந்திருந்தாள். தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள்.

வித்தியா வாயைத் திறந்தாள். போனுக்குள் கேட்டுவிடும் என்று மூடிக்கொண்டாள்.

திரைக்குள் பார்த்தீபனும் தலையைத் திருப்பியிருந்தான். அவனுடைய கமராவுக்குள் விழாமல் பக்கத்தில் யாரோ நிற்க வேண்டும்.

"என்ன படம் அண்ணை?" என்றான், குரலை இறக்கி.

அந்தப் பக்கத்திலிருந்து, இரவு வேலை முடித்து வந்து இன்னும் படுக்காத ஒரு ஆண் குரல், வித்தியா வாழ்நாளில் கேட்டிராத குரல், சொன்னது:

"படம் பாக்கேல்லையடா. அண்டைக்கு அங்கை கரண்ட் இல்லை. அவ காத்துக்குப் பயந்துபோய் இருந்தவ. நான்தான் இஞ்சை படத்தை ஓடவிட்டு, காட்சி காட்சியா எழுதி அனுப்பினனான்."