ஆளுக்குப் பத்து கிலோ

"சித்தப்பாவைப் பையைத் திறந்து காட்டச் சொல்லுங்க மேடம்" என்றேன்.

ஆய்வகத்தில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். சித்தப்பா மட்டும் நிமிரவில்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உறவில் அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை. எங்கள் விலங்கியல் துறையின் ஆய்வக உதவியாளர். வயது முப்பத்தெட்டுதான், ஆனால் துறைக்கே சித்தப்பா. எனக்கு அவர் வைத்த பெயர் வக்கீலம்மா. வாதாடாமல் நான் வாயை மூடினதே இல்லையாம்.

அன்றைக்கு வாதாடக் காரணம் இருந்தது.

மறுவாரம் நாலு பேர் தீவுக்குக் கிளம்புகிறோம். மேடம், நான், சித்தப்பா, அப்புறம் என்னோடு ஆய்வு செய்யும் பைனாகுலர். கழுத்தில் அது தொங்காமல் அவனை யாரும் பார்த்ததில்லை. ஒரு நாள் கப்பல், பிறகு பவளப்பாறைகளுக்கு நடுவே சின்னப் படகு. படகுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: கருவிகளும் சாப்பாட்டு மூட்டையும் போக, பேட்டரி, மருந்து எல்லாம் சேர்த்து ஆளுக்குப் பத்து கிலோ. மேலே ஒரு சீப்பு வைத்தாலும் ஆளோடு சேர்த்து இறக்கிவிடுவாராம்.

திட்டம் முழுக்க நான் போட்டது. எத்தனை கேன் தண்ணீர், யாருக்கு எந்தக் கரை, எல்லாம். போன வருடமும் இதே நாலு பேர்தான் போனோம். புயலில் நாலு நாள் மாட்டிக்கொண்டு சமாளித்தோம். அந்தக் கதையை நான் சொல்லாத வகுப்பு இல்லை. இந்த வருடம் அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதியதும் நான்தான். முதல் வாக்கியத்தைப் படித்ததுமே அனுமதிக் குழு சம்மதித்துவிட்டது என்று சொல்லி, மேடம் அந்தப் பக்கத்தை அறிவிப்புப் பலகையில் குத்தியே வைத்துவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல். என் ஒலிப்பதிவுக் கருவிக்கு இன்னும் இரண்டரை கிலோ பேட்டரி வேண்டும். பதினைந்து இரவும் பறவைக் குரல்களைப் பதிவு செய்தால்தான் என் ஆய்வேடு நிற்கும். என் பத்து கிலோவில் ஏற்கெனவே பாதி பேட்டரிதான். மேடம் பையில் மருந்து. பைனாகுலர் பை ஏழு கிலோ என்றான், நிறுத்தால் பத்து.

சித்தப்பாவின் பையும் சரியாகப் பத்து. போன வருடம் இதே மனிதர் ஒரு துணிப்பையோடு வந்தார். இந்த வருடம் பூட்டு வேறு.

"சமைக்க வர்றவருக்கு எதுக்கு மேடம் பத்து கிலோ? தீவுல கடை போடப் போறாரா?"

"அது அவர் பங்கும்மா. அதுல என்ன வைக்கணும்னு நாம சொல்ல முடியுமா?"

முடியும் என்றேன். பங்கு ஆளுக்கு இல்லை, வேலைக்கு என்றேன். பொதுப் பயணத்தில் பூட்டின பை எதற்கு என்றேன். நியாயம் என் பக்கம் இருந்தால் என் குரல் தானாக ஏறிவிடும். கடைசியில் மேடமே அலுத்துப்போய், "காட்டிடுங்களேன், இவ விடமாட்டா" என்றார்.

சித்தப்பா சாவியை எடுத்தார்.

ஓரமாகச் சுருட்டிய இரண்டு சட்டை. மற்றதெல்லாம் அரிசி, பருப்பு, டப்பாப் பால்.

"பாத்தீங்களா? சாப்பாட்டு மூட்டைதான் தனியா வருதே. இது யாருக்கு?"

பைனாகுலர் சிரித்துக்கொண்டே அடியில் கையை விட்டு ஒரு மூக்குக்கண்ணாடியையும் காகிதக் கட்டு ஒன்றையும் எடுத்தான். வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் பக்கங்கள். ஐம்பது பக்கமாவது இருக்கும்.

"கலைச்சுடாதே தம்பி" என்றார் சித்தப்பா அவசரமாக. "வரிசையா வச்சிருக்கேன். ஒரு வாரத்து விடை அடுத்த வாரத்துலதான் வரும்."

"கண்ணாடி எதுக்கு? உங்களுக்குத்தான் கண்ணு நல்லா தெரியுமே."

"எனக்கில்லை வக்கீலம்மா. அவர்தான் பேப்பரை ஒரு முழம் தள்ளிப் பிடிச்சுப் படிச்சாரு."

"யாரு?"

சித்தப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். விளையாடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

"கலங்கரை விளக்கத்துக்காரர். புயல்ல படகு வராத நாலு நாளும் நாம சாப்பிட்டது அவர் அரிசிதானே? அவருக்குச் சாமான் கப்பல் மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான். நாம கிளம்பும்போது அது வர இன்னும் ரெண்டு மாசம் இருந்துச்சு. அவர் பானையில கால்வாசிகூட இல்லை."

மேடம் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பைனாகுலர் காகிதங்களின் ஓரத்தைத் தட்டி நேராக்கினான்.

எனக்கு ஒன்றும் மறந்துபோகவில்லை. அவர் வீட்டுத் தரையில்தான் நாலு இரவும் படுத்திருந்தோம். எனக்குக் காய்ச்சல் என்றதும் தன் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தியது அவர்தான். வகுப்பு வகுப்பாக நான் சொன்ன கதையில் புயல் இருந்தது, அலை இருந்தது, நான் இருந்தேன்.

"பேட்டரிக்கு இடம் வேணும்னா இந்தச் சட்டை ரெண்டையும் எடுத்துடறேன்" என்றார் சித்தப்பா. "அரைக் கிலோ தேறும்."

சட்டைகளை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி உள்ளே வைத்து, பையை நானே பூட்டினேன். பதினைந்து இரவு பத்தாகும், ஆகட்டும். பத்து போதும் என்று மேடத்திடம் வாதாடிக்கொள்ளலாம். அதுதான் எனக்கு வருமே.

பிறகு ஒரு பேனாவோடு அறிவிப்புப் பலகைக்குப் போனேன். ஊரே மெச்சிய என் முதல் வாக்கியம் கொட்டை எழுத்தில் அப்படியே இருந்தது:

'இது மனிதர் எவரும் இல்லாத தீவு.'