பச்சைக்கல் பொட்டு

"மிதி."

மிதித்தான்.

"பிடிச்சுக்க."

பின் சக்கரம் இருந்த இடத்தில் சாக்கு விரித்துப் படுத்திருந்தவள் ஸ்க்ரூவைத் தளர்த்தினாள். ரப்பர் குழாய் வழியே கறுப்பாக எண்ணெய் இறங்கி, ஊறுகாய் பாட்டிலில் குமிழியிட்டது. ஸ்க்ரூவை இறுக்கினாள்.

"எடு."

ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த கணவன் காலை எடுத்தான்.

காலையிலிருந்து அவனிடம் அவள் பேசியது இவ்வளவுதான். கல்யாணமான மூன்று வருடத்தில் 'ங்க' போடாமல் பேசியதும் இன்றைக்குத்தான்.

மற்ற வேலையெல்லாம் தனியாகவே முடித்துவிட்டாள். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் லேப் அவள் பொறுப்பு. சக்கரங்களைக் கழற்றி, புது பிரேக் டிஸ்க், புது பேட் மாட்டினாள். பழைய பேடில் தேய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. இரும்போடு இரும்பு உரசி, டிஸ்கெல்லாம் உழுதுபோட்ட மாதிரி இருந்தது.

பிரேக் லைனில் காற்றெடுக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் கீழே திறந்துவிட.

இல்லையென்றால் கூப்பிட்டே இருக்க மாட்டாள்.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் செடான். மூன்று கை மாறி அவனிடம் வந்தது. உங்க மூத்த சம்சாரம் என்று அவளே கேலி செய்வாள். எட்டு மாதமாக உறைக்குள் கிடந்தது. அடுத்த வாரம் பிள்ளைக்குக் காதுகுத்து. வால்பாறையில், அவள் அம்மா வீட்டில். இதில்தான் போக வேண்டும்.

பிரேக்கை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிடு என்று நேற்று சொன்னான். போகிற போக்கில் சொல்வது போல.

இன்று விடிந்ததும் புது பேட்டரியை வைத்துவிட்டு, மீட்டர் கண்ணாடியைத் துடைத்தாள்.

அங்கே ஒரு பச்சைக்கல் பொட்டு.

அவளுடையது. வளைகாப்புக்கென்று வாங்கிய அட்டை. அந்த மாதத்தோடு தீர்ந்துபோனது. எங்கோ விழுந்ததை எடுத்துப் பத்திரமாக ஒட்டிவைத்திருக்கிறான்.

ஒரு நொடி மனசு இளகிவிட்டது.

சாவியைத் திருப்பினாள்.

பொட்டின் ஓரமெல்லாம் சிவப்பு கசிந்தது.

பிரேக் பழுதென்று எச்சரிக்கும் விளக்கு.

வளைகாப்பன்று அவள் அண்ணன் கேட்டது ஞாபகம் வந்தது. "மாப்பிள்ளை, இந்த வண்டி மலையேறுங்களா, இல்ல நாங்க வேன் கொண்டாரட்டுங்களா?" பந்தியே சிரித்தது. கொண்டுபோய் விடுவதும் நான்தான், கூட்டி வருவதும் நான்தான் என்றான் இவன்.

சொன்னபடியே செய்தான்.

பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்ததும் கூட்டிவந்தான். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இறங்க இறங்க, மடியில் கிடந்த பிள்ளைக்கு ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணிக் காட்டினாள். அவன் கியரைக் குறைத்துக் குறைத்து ஊர்ந்தான். பிள்ளைக்காகத்தான் இவ்வளவு மெதுவாகப் போகிறான் என்று நினைத்தாள். அவன் நெற்றியெல்லாம் வேர்வை.

முந்தானையால் துடைத்துவிட்டாள்.

இப்போது அதைத்தான் தாங்க முடியவில்லை.

வந்த மறுநாளே வண்டியை மூடிவிட்டான். பெட்ரோல் ரொம்பக் குடிக்கிறது என்றான்.

"மிதி."

மூன்றாவது சக்கரத்தில் எண்ணெய் திக்கித் திக்கி வந்தது. மேலே மிதி தளர்கிறது. மீட்டர் கண்ணாடியில் பசை வட்டம் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டான்.

"பிடின்னா பிடி."

கடைசிச் சக்கரம் அவன் கதவை ஒட்டி. குழாயில் குமிழி நின்று, எண்ணெய் தெளிவாக இறங்கியது. இறுக்கிவிட்டு எழுந்தாள்.

அவன் அவள் நெற்றியைப் பார்த்தான்.

அங்கே அந்தப் பச்சைக்கல் பொட்டு. பழைய பசைதான். இன்னும் ஒட்டியது.

"சொல்லியிருந்தா நீ ஏறியிருக்க மாட்டே," என்றான்.

"மாட்டேன். பாப்பாவும் ஏறியிருக்க மாட்டா."

சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கி, கை கழுவிக்கொண்டு வந்தாள். அவன் கேட்காமலே பக்கத்து சீட்டுக்கு மாறியிருந்தான்.

தோப்புகளுக்கு நடுவே ஆளில்லாத தார்ச்சாலை. புது பேட் டிஸ்கில் படிவதற்கு, வேகமெடுத்து அழுத்தி நிறுத்த வேண்டும். பத்துத் தடவை போதும்.

அறுபதில் மிதித்தாள்.

"ஒண்ணு."

அவன் பெல்ட்டில் மோதினான். கை முன்னால் எதையும் பற்றப் போகவில்லை. பின்னால் போயிற்று. பின்சீட்டில் கட்டியிருந்த பிள்ளையின் இருக்கையைப் பிடித்தது.

காலி இருக்கை. பிள்ளை அவன் தங்கை வீட்டில் இருந்தாள்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கியர் மாற்றினாள்.

இரண்டு. மூன்று. நான்கு.

ஒவ்வொரு தடவையும் அந்தக் கை பின்னால் போயிற்று.

பத்தில் பிரேக் சுத்தமாகப் பிடித்தது. உரசல் இல்லை. ஒரு பக்கம் இழுக்கவில்லை. விளக்கும் எரியவில்லை. வீட்டுக்குத் திரும்பலாம்.

மறுபடி வேகமெடுத்தாள்.

"பதினொண்ணு."

அவன் அவள் நெற்றியைப் பார்த்தான். பிறகு வளைவே இல்லாத அந்தச் சாலையைப் பார்த்தான். கை இன்னும் அந்த இருக்கையில்தான் இருந்தது.

வண்டி அறுபதைத் தொட்டது.

"பன்னெண்டு," என்றான், அவள் மிதிக்கும் முன்பே.